ஜேர்மனி என்று நான் எழுதிய இடம்

1996 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 7.10க்கு ஸ்காபரோவில் பஸ் ஏறினோம். ஆளுக்கு இரண்டு டொலர். என் அகதி விசாரணை பத்து மணிக்கு. துணைக்கு வந்தவர் ஒரே அறையில் இருக்கும் செல்வம் அண்ணை.

"சாப்பிட்டனியே?"

"ஒண்டும் இறங்கேல்லை அண்ணை."

"அங்க போய் மயங்கி விழுந்திடாதை. அதையும் நடிப்பெண்டு எழுதிப்போடுவாங்கள்."

7.45. கெனடி நிலையத்தில் ரயில். மடியில் கோப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் எவரிடமும் கேளாமல் அகதிப் படிவத்தை நானே நிரப்பி, வந்த வழி கேட்ட இடத்தில் "ஜேர்மனி, ஒன்பது நாள்" என்று எழுதியிருந்தேன்.

மொஸ்கோவிலிருந்து லொறியில் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன், காட்டு வழியே நடத்தி ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி ஒரு பண்ணை வீட்டில் விட்டான். எந்த நாடு என்று வீட்டுக்காரக் கிழவியிடம் சைகையில் கேட்டேன். "டொய்ச்லாண்ட்" என்றாள். ஜேர்மனிக்கு ஜேர்மன் மொழிப் பெயர். நம்பினேன்.

சென்ற கிழமைதான் அவன் சொன்ன ஊரை நூலகத்து வரைபடத்தில் தேடினேன். அது போலந்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் கிழக்குப் பிரஷ்யா என்ற ஜேர்மன் மாகாணமாம். இப்போது அதன் வடபகுதி ரஷ்யாவுக்கு, தென்பகுதி போலந்துக்கு, ஒரு ஓரம் லித்துவேனியாவுக்கு.

"மாத்திச் சொன்னா பொய்யன் எண்டுவாங்கள். மாத்தாட்டி, ஜேர்மனியிலயே தஞ்சம் கேட்டிருக்கலாமே எண்டு திருப்பி அனுப்புவாங்கள்" என்றார் அண்ணை. "வடிவா மாட்டியிருக்கிறாய்."

10.20. விசாரணை அதிகாரி ஒரு பெண். மொழிபெயர்ப்பாளர் ஊடாகக் கேட்டார்: "ஜேர்மனியில் ஏன் தஞ்சம் கேட்கவில்லை?"

"அது போலந்து. நான்தான் பிழையா எழுதிப்போட்டன்."

"அப்படியானால் அந்தக் கிழவி ஏன் பொய் சொன்னாள்?"

வரைபடத்தை விரித்தேன். எல்லைக்கோட்டில் விரலை வைத்தேன். "பொய் இல்லை. அதே வாசல்ல சின்னப் பிள்ளையா நிக்கிற படம் காட்டினவ. அவ பிறக்கேக்க அது ஜேர்மனி."

அதிகாரி நெடுநேரம் எழுதினார். "உங்கள் வீடு இப்போது யார் கையில்?"

"நான் வெளிக்கிடேக்க இயக்கத்தின்ர கையில. இப்ப ஆமியின்ர கையில."

"வீட்டில் யார்?"

"அம்மா. அவ அங்கயேதான்."

12.40. முடிவு எட்டுக் கிழமைக்குள் தபாலில் வருமாம். அந்தக் கிழவியிடமும் அம்மாவிடமும் எந்த நாட்டில் இருக்க விருப்பம் என்று எவரும் கேட்டதில்லை. இன்று, ஒருவிதத்தில், என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை வெள்ளைக்காரர் சிரித்தபடி, எந்த நாடு என்று விசாரித்தார். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.