தெல்தெனிய மைதானத்தில் ஹோர்ன் அடித்து ஒரு கோளைக் காட்டிய கதை

இரண்டு வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை, இந்த 2008 பெப்ரவரியில், நானும் மனைவி கௌரியும் கண்டியிலிருந்து தெல்தெனியவுக்குப் போனோம். விக்டோரியா நீர்த்தேக்கம் பார்க்க அல்ல. ஒரு ‘ஆம்’ வாங்கி வரப் போனோம்.

கௌரி கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணித ஆசிரியை. பிள்ளைகளை வைத்து வானியல் சங்கம் ஒன்று தொடங்க மூன்று வருடமாக அலைகிறாள். நாட்டு நிலைமை சரியில்லை, பொழுதுபட்டபின் பிள்ளைகளைக் கூட்டி வைக்க முடியாது என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். இம்முறை கல்வி அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். தெல்தெனியவில் நடக்கும் அறிவியல் கண்காட்சியில் இருபது நிமிடம் தருவார். அவருக்கு விளங்கினால் சங்கம் உண்டு. விளங்காவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கக்கூடாது.

இந்த அம்மா எடுத்த தலைப்போ லேசுப்பட்டதல்ல. கூட்டமாகப் பிறந்த நட்சத்திரங்களுக்குள், வயதாகி ஊதிப் பெருத்த ராட்சத நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவது! ரோகிணிக் கூட்டத்தில் அப்படி ஒன்று இருப்பதாகப் போன வருடம்தான் அறிவித்தார்கள். “கண்ணுக்குத் தெரியாத சாமானை எப்படி விற்பாய்?” என்று கேட்டேன். “நீங்கள் உங்கள் மிளகுக் கடையை மட்டும் பாருங்கோ” என்றாள்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து தெல்தெனியவுக்கு பஸ் உண்டு. மலிவு. ஆனால் படம் காட்டும் இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி போக முடியாது. மஹய்யாவவில் எங்கள் தெருமுனையில் த்ரீவீலர் ஓட்டும் நிஸாம் நானாவைப் பிடித்தேன். ஆயிரத்து நானூறு கேட்டார். காத்திருப்பதையும் சேர்த்து ஆயிரத்து நூறுக்கு முடித்தேன். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். பாதை நன்றாக இருக்கிறது.

தென்னக்கும்புரப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். என் அடையாள அட்டையை ஒரு பார்வையில் திருப்பிக் கொடுத்த சிப்பாய், கௌரியின் அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருப்பதைக் கண்டதும் மேலதிகாரியிடம் கொண்டுபோனான். அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். எண்பத்துமூன்று கலவரத்தில் என் முதல் கடை எரிந்ததைப் பார்த்தவன் நான். இதற்கெல்லாம் வாய் திறப்பதில்லை. கௌரி நின்றபடியே தன் பேச்சை முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

திகனையில் தேநீர் குடித்தோம். பத்தரைக்குத் தெல்தெனியப் பாடசாலை. பதினொரு மணிக்கு கௌரியின் முறை. மண்டபம் நிறையப் பிள்ளைகள், முன்வரிசைக் கதிரையில் அதிகாரி. இயந்திரத்தைப் போட்டாள். திரையில் முதல் படம் விழுந்தது, கரண்ட் போனது.

ஐந்து நிமிடம் பார்த்தோம். வரவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்தார். “பரவாயில்லை டீச்சர், அடுத்த வருடம் பார்ப்போம்” என்றார் சிங்களத்தில். இவர்கள் சொல்லும் அடுத்த வருடம் எது என்று எனக்குத் தெரியும்.

கௌரி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். மைதான ஓரத்தில் நானா தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சேர், எனக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருக்குது. எல்லாரும் வெளியில வாங்கோ” என்று இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

“நானா, மைதானத்துக்குள்ள வட்டமா ஓடுங்கோ. ஹோர்னில இருந்து கையை எடுக்கக்கூடாது.”

“என்ன டீச்சர் வெளாட்டு இது? பெட்டரி எறங்கிப் போகுமே!”

“அவர் புதுசு வாங்கித் தருவார். ஓடுங்கோ.”

அவர் என்றது என்னை. தலையாட்டினேன், வேறு என்ன செய்ய?

பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொன்னாள். “சத்தம் கூர்மையானால் கையை உயர்த்துங்கோ. தடித்தால் இறக்குங்கோ.” வண்டி சுற்றத் தொடங்கியது. எங்களை நோக்கி வரும்போது ஹோர்ன் கீச்சென்றது, விலகும்போது இறங்கியது. முந்நூறு கைகள் காற்றில் நெல்லாட்டம் எழுந்து சாய்ந்தன. அதிகாரியும் கண்ணை மூடியிருந்தார். அவருடைய கையும் ஏறி இறங்கியது.

“வண்டிதான் நட்சத்திரம்” என்றாள் கௌரி. “ஒளியும் இப்படித்தான். நட்சத்திரம் எங்களை நோக்கி வந்தால் நீலப் பக்கம், விலகினால் சிவப்புப் பக்கம் ஒரு மயிரளவு நகரும். இப்படி முறைவைத்து மாறினால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுத்துச் சுற்ற வைக்குது என்று அர்த்தம்.”

அதிகாரி கெட்டிக்காரர். “சரி, அந்த ஏதோ ஒன்று எவ்வளவு பெரியது? அதைச் சொல்ல நட்சத்திரத்தின் எடை தெரிய வேண்டுமே? ஊதிப் பெருத்ததன் எடையை எப்படி நம்புவது?”

கௌரி சமன்பாட்டுக்கு வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“மஹத்தயா, யாரோ தெருவில் கொண்டுவரும் ஒரு மூட்டை மிளகைப் பார்த்து அதன் வயதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே தோட்டம், ஒரே பறிப்பு, பத்து மூட்டை என்றால் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒழுங்காகச் சொல்லிவிடுவேன். கூட்டத்து நட்சத்திரங்கள் ஒரே லொட். ஒன்றாகப் பிறந்தவை. கூடப்பிறந்தவற்றைப் பார்த்து வயதைப் பிடித்தால், எந்த எடை உள்ளது இந்நேரம் ஊதியிருக்கும் என்று தெரிந்துவிடும். அதனால்தான் இந்த அம்மா தனி நட்சத்திரத்தை விட்டுக் கூட்டத்தில் தேடச் சொல்கிறாள்.”

கௌரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை.

இந்தப் பெருமையில் நானாவை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டோம். மனிதன் ஹோர்னை அமுக்கியபடி சுற்றிக்கொண்டே இருந்தார். சந்தியிலிருந்த காவலரணுக்குக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஓடி வந்தார்கள். “நிறுத்து! யார் வண்டி இது?” நானா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். கௌரி அடையாள அட்டையை எடுக்கப் பையைத் திறந்தாள்.

அதிகாரி அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

“பயப்படாதே தம்பி, அது நட்சத்திரம்” என்றார் சிப்பாயிடம்.

சிப்பாய் த்ரீவீலரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அவர் விடவில்லை. ஹோர்ன், நீலம், சிவப்பு என்று ஆரம்பித்து என் மிளகு மூட்டை வரை ஒன்று விடாமல் விளக்கினார். “கண்ணை மூடு” என்றார். நானாவை மறுபடி ஓடவிட்டார். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பொடியன் கையை உயர்த்தினான், இறக்கினான், சிரித்துவிட்டான்.

“அப்போ இந்த வண்டியை இழுப்பது எங்கே, சேர்?” என்றான்.

“அதைத் தேடத்தான் எங்கள் சங்கம்” என்றார் அதிகாரி.

எங்கள் சங்கம்! கௌரி பையை மூடினாள். அனுமதி அப்போதே கிடைத்துவிட்டது. கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது, அது வெறும் காகிதம். பெற்றோர் கூட வர வேண்டும், ஏழரைக்குள் முடிக்க வேண்டும் என்ற இரண்டே நிபந்தனை. திரும்பும் வழியில் நானா ஹோர்ன் அடிக்கவே மறுத்துவிட்டார். “இன்டைக்கு அடிச்சது என்ட ஆயுசுக்கும் போதும் முதலாளி.” ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன், பெட்டரி தனி.

நீங்களும் தெல்தெனியப் பக்கம் இப்படிப் போவதென்றால் சில விஷயங்கள். சோதனைக்கென்று ஒரு மணித்தியாலம் கூட வைத்துக்கொள்ளுங்கள். கரண்டை நம்பி எதையும் கொண்டுபோகாதீர்கள். ஹோர்ன் பரிசோதனை செய்வதானால் பக்கத்துக் காவலரணில் முதலில் சொல்லிவிடுங்கள். எல்லா ஊரிலும் எங்கள் அதிகாரி இருக்க மாட்டார்.

ரோகிணியைப் பார்க்க இதுவே நல்ல மாதம். மாலை ஏழு மணிக்குத் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே, கவட்டைபோல ஒரு கூட்டம். ஒரு நுனியில் சிவப்பாக ஜொலிப்பதைக் கண்டு நான் ஏமாந்ததுபோல் ஏமாறாதீர்கள். அது கூட்டத்து ஆளே அல்ல. நமக்குக் கிட்ட, வழியில் நிற்கிறது. மற்ற நுனியில் அடக்கமாக இருப்பதுதான் கோள் உள்ள ராட்சதன். அந்தக் கோள் ஒரு சுற்றுச் சுற்ற அறுநூறு நாள் வரை ஆகுமாம். கோளைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், எந்தத் தொலைநோக்கிக் கண்ணாடியாலும் தெரியாது. சந்தேகமென்றால் வியாழக்கிழமை மாலை கௌரியின் பாடசாலை மொட்டைமாடிக்கு வாருங்கள். அது அங்கே இருக்கிறது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் கணக்குப் போட்டு நிரூபிப்பார்கள்.