காந்தத்துக்குப் பத்தியம்

"பத்தியம் இருந்தியா?" என்று கேட்டுக்கொண்டே யாசீன் பாய் கடையை விட்டுக் கீழே இறங்கிவிட்டார். வந்தவர் இன்னும் படியேறவில்லை. அவர் கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு ஜோடிக் காந்தம். டீசல் போகும் குழாயில் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று சொல்லி யாசீன் போன மாதம் விற்றது.

"பத்தியமா? இன்னா பாய், நான் இன்னா மஞ்சக்காமாலையோடவா வந்துகீறேன்? மாட்னது வேலை செய்யலன்னு சொல்றேன்."

"அதான் கேக்கறேன். மேல கேரியரைக் கழட்டினியா? டயர்ல காத்து பாத்தியா? ஹைவேஸ்ல கண்ணாடிய ஏத்திவுட்டியா? பஸ்ஸைத் தொரத்தினியா?"

"பஸ்ஸு முன்னாடி போனா தொரத்தாம?"

"அங்கதான் காந்தம் செத்துச்சு!"

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் அந்தக் கடையில் நாற்காலி ஒன்று உண்டு. அதில் யாசீன் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. டீயை வாங்கியதும் நடக்கத் தொடங்கி, பக்கத்துக் கடை வாசலில் முதல் வாய், எதிர்ச்சாரியில் கடைசி வாய் என்று முடிப்பார். யாராவது பேசினால் பாதியிலேயே பதில் சொல்லிவிட்டு மீதியைக் கேட்க நேரமில்லாமல் நகர்ந்துவிடுவார். கையில் எப்போதும் சாவிக்கொத்து. ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். "சோத்துல உக்காந்தா ரசத்துக்குள்ள மூணு தடவை எந்திரிப்பாரு" என்பது அவர் மனைவி ஜஹீராவின் கணக்கு.

முன்பு சீட் கவர் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டீசல் விலை ஏறிக்கொண்டே போன நாளில், வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஆள் காந்தத்தைக் கொண்டுவந்து காட்டினான். யாசீன் தன் வண்டியில் மாட்டித் திண்டிவனம் வரை ஓட்டிப் பார்த்தார். மாட்டியது கழன்று விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், பச்சைப் பிள்ளையை மடியில் வைத்திருப்பவர் போல ஓட்டினார். மைலேஜ் எகிறியது. அன்றே சீட் கவர் போர்டை இறக்கிக் காந்தப் போர்டை ஏற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்தவைதான் பத்திய விதிகள். கேரியர் இருந்தால் காற்று முட்டும், காந்தத்துக்கு ஆகாது. டயர் சப்பையாக இருந்தால் ஆகாது. திடீர் பிரேக் ஆகவே ஆகாது. வேகம் எழுபதைத் தாண்டினால் மருந்தைக் கக்கிய மாதிரி. காந்தத்தின் மேல் அவருக்கிருந்த பயபக்தியில் விதிகள் வாரத்துக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போயின. அவர் ஓட்டினால் எந்த வண்டியும் கூடுதலாகக் கொடுத்தது. வாங்கிப் போனவர்கள் ஓட்டினால் பழைய கதையே.

அன்றைக்கு வந்தவரும் விதிகளை முழுசாகக் கேட்கவில்லை. காகிதப் பொட்டலத்தைப் படியில் வைத்தார். "பேஜாரா கீது பாய். பித்தலாட்டம் பண்றதுக்கு பத்தியம்னு ஒரு பேரு வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாப்பாட்டுக் கேரியரோடு ஜஹீரா அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கியிருந்தார்.

சாப்பிடும்போது யாசீன் எழுந்திருக்கவில்லை. அதுவே ஜஹீராவுக்குப் பயமாக இருந்தது.

"நான் கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. அது நெசமாவே வேலை செய்யுதா?"

"நீயுமா?"

"நான் கேக்காம யாருங்க கேக்கறது?"

பித்தலாட்டம் என்ற சொல் யாசீனுக்குள் மீன்முள்ளாக நின்றது. ஒரே ஒரு மனிதரிடம், பத்துப் பேர் மதிக்கிற மனிதரிடம், நிரூபித்துக் காட்டிவிட வேண்டும். கிழக்குத் தாம்பரத்தில் வாடகைக் கார்கள் வைத்து நடத்தும் சத்யநாராயணன் வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே போய் நின்றார்.

சத்யநாராயணன் நிதானமானவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாட்டிப் பார்க்கலாம் பாய். ஆனா நீங்க ஓட்டக்கூடாது. என் டிரைவர் எலியேசர் ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க. திண்டிவனம் போய்ட்டு வாங்க. ரிசல்ட் வந்தா என் எல்லா வண்டிக்கும் மாட்டிடலாம்."

எலியேசருக்குப் பிரேக் என்பது கடைசி நொடியில் ஞாபகம் வருகிற பொருள். இண்டிகா காரில் காந்தத்தை மாட்டி, டேங்க்கில் வாய் வரைக்கும் டீசல் நிரப்பிப் புறப்பட்டார்கள். பெருங்களத்தூர் நெரிசல் வரை யாசீன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கூடுவாஞ்சேரி தாண்டி ரோடு விரிந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"காலைத் தூக்கு."

"இப்பவா? லாரி எங்கியோ கீது பாய்."

"எங்கியோ கீறப்பவே தூக்கு. கிட்டப் போயி மிதிச்சின்னா குடிச்ச டீசலெல்லாம் பிரேக்குல கரிஞ்சு பூடும்."

செங்கல்பட்டு இறக்கத்தில் எலியேசர் பழக்கப்படி நியூட்ரலுக்குத் தள்ளினார். யாசீன் அவர் கையைத் தட்டினார். "கியர்லயே வுடு. காலை மட்டும் எடு. சக்கரமே இஞ்சினைச் சுத்த வைக்கும், டீசல் கேக்காது."

ஒரு பால் வண்டி அவர்களை முந்திப் போனது. அதன் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி 'வா, வா' என்று அழைத்துவிட்டுப் போனார்.

"பாத்தியா பாய்? பால் வண்டிக்காரன் நக்கல் பண்றான். எனக்குன்னு ஒரு மானம் கீது."

"மானத்துக்கு மைலேஜ் கெடயாது. அவன் மதுராந்தகத்துல நிப்பான், பாரு."

மதுராந்தகம் ஏரிக்கரையோரம் டயர் மாற்றும் லாரி ஒன்றின் பின்னால் பால் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. எலியேசர் காலைத் தூக்கினார். உருண்டு வந்த வேகத்திலேயே, பிரேக்கைத் தொடாமல், பக்கவாட்டு இடைவெளியில் நழுவிப் போனார். போகும்போது அவரும் கையை நீட்டி 'வா, வா' என்றார்.

திண்டிவனத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தினார்கள். யாசீனால் உட்கார முடியவில்லை. காந்தத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று பானெட்டைத் தூக்கினார். டீசல் குழாயின் மேல் ஒன்றும் இல்லை. கிளாம்ப் அறுந்து, காந்தம் வழியில் எங்கேயோ விழுந்துபோயிருந்தது. சட்டைப்பையில் இன்னொரு ஜோடி இருந்தது. அதை எடுப்பதற்குள் எலியேசர், "பாய், டீ ஆறுது" என்று டம்ளரோடு வந்துவிட்டார். தான் மாட்டியதே அறுந்து விழுந்ததை அந்த ஆளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. பானெட்டை மூடினார்.

திரும்பும் வழியெல்லாம் அவருக்குத் தீயில் உட்கார்ந்த மாதிரிதான். ரிசல்ட் வராது, சத்யநாராயணன் சிரிப்பார், பித்தலாட்டம் ஊர்ஜிதமாகும். மருந்து கிடைக்காத நோயாளிக்குப் பத்தியத்தையாவது கடுமையாக்குவோம் என்று எலியேசரை ஒரு வழியாக்கினார். கண்ணாடியை ஏற்று, அந்த பஸ்ஸை விடு, தூரமாகப் பார், இன்னும் தூரமாகப் பார். சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் எலியேசர் தானாகவே காலைத் தூக்க ஆரம்பித்திருந்தார். அதைக் கவனிக்கும் நிலையில் யாசீன் இல்லை.

புறப்பட்ட அதே பங்க். சத்யநாராயணன் காத்திருந்தார். மறுபடி வாய் வரை நிரப்பி, கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். நம்பாமல் திரும்பத் தட்டினார்.

"பாய்! பதினெட்டைத் தாண்டிடுச்சு. இந்த வண்டி பதினாலுக்கு மேல காட்டினதே இல்ல. அடுத்த வாரமே எல்லாத்துக்கும் மாட்டிடுங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

யாசீன் கையை உருவிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. பானெட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை. மாட்டுவதற்குச் சட்டைப்பையில் இருக்கிறது. சாயங்காலம் மாட்டிவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை நாள் அவர் விற்றதெல்லாம் நம்பி விற்றது. இனிமேல் விற்கிற முதல் காந்தத்திலிருந்து, படியில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனவர் சொன்ன சொல் நிஜமாகிவிடும்.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். "சார், கொஞ்சம் இங்க வாங்க."

சத்யநாராயணன் குனிந்து பார்த்தார். எலியேசர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"எங்க பாய் காந்தம்?"

"திண்டிவனத்துலயே இல்ல சார். போறப்பவே எங்கியோ வுழுந்துடுச்சு."

எலியேசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டீ குடிக்கச் சொல்லோ தெரியுமா உனக்கு? அப்புறம் இன்னாத்துக்கு வழியெல்லாம் என் உசுரை எடுத்துகினு வந்தே?"

"மருந்து இல்லியே, பத்தியமாவது சரியா இருக்கட்டும்னுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது யாசீனுக்கே கேட்டது. சத்யநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ காந்தம் எதுக்கு பாய்?"

யாசீன் சட்டைப்பையிலிருந்து அந்த இன்னொரு ஜோடியை எடுத்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தெரியல சார்" என்றார்.

மறுநாளே காந்தப் போர்டு இறங்கியது. திருப்பிக் கொடுக்க வந்தவர்களிடம் பத்தியம் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டார். "நீங்களே சொல்லிட்டீங்களாமே" என்று மட்டும் ஜஹீரா கேட்டார். அன்று ரசத்துக்கு முன்னால் யாசீன் இரண்டு தடவை எழுந்தார். ஜஹீராவுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சத்யநாராயணனிடமிருந்து போன் வந்தது: "காந்தம் வேண்டாம் பாய். நீங்க வாங்க."

இப்போது யாசீன் வாரத்தில் பாதி நாள் சீட் கவர் தைக்கிறார். மீதி நாட்களில் சத்யநாராயணனிடம் புதிதாகச் சேரும் ஓட்டுநர்களோடு, இடப்பக்க இருக்கையில், திண்டிவனம் வரை போய்வருகிறார். முன்னால் ஒரு பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்தால் அவர் வலது கால் இல்லாத பெடலைத் தேடி மிதிக்கிறது. அதனால் வண்டலூர் தாண்டியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கால்களையும் இழுத்து மடக்கி, இருக்கையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.