டம்ளரில் ஒரு தட்டு

வண்டி பங்காருபேட்டையில் நின்றுகொண்டிருந்தது. காலை வண்டியில் வருகிற நாங்கள் யாரும் அந்த நேரத்தில் முழுதாக விழித்திருப்பதில்லை. உடம்பு பெங்களூர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும், மனசு இன்னும் வீட்டுப் போர்வைக்குள் கிடக்கும். அப்படி ஜன்னலில் சாய்ந்து கிடந்தபோது சிவக்குமார் வந்து என் தோளைத் தொட்டார். முன்பெல்லாம் அவரும் நானும் ஒரே பெட்டியில்தான் வருவோம்.

"அண்ணே, பிரபாவதி அக்கா போய்ட்டாங்க."

"எந்த வண்டியில?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இரண்டு நாள் காய்ச்சலென்று படுத்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் காப்பி கேட்டிருக்கிறார். காப்பி கொண்டுபோனபோது உயிர் இல்லை. ஐம்பத்து நாலு வயது சாகிற வயதா? வண்டி கிளம்பியது, வெளியே வேப்பமரங்கள் பின்னால் போயின, எனக்கு அவை எதுவும் நிஜமாகத் தெரியவில்லை. நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பிரபாவதியோடு ஒரே பெட்டியில் வந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனாலும் அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது நான் எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டேன். உங்களில் சிலர் ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். கடைசி எட்டு மாதம் அவரோடு பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு பெட்டியில் வந்தவன் நான். ஏன் அப்படிச் செய்தேன், அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்குச் சிறு அறிமுகம். பெங்களூரில் காது கேட்கும் கருவி விற்கும் ஒரு கடையில் பிரபாவதிக்கு வேலை. வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சின்னச் சின்ன ஒலிகளைக் கேட்கவைத்து, கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லுவார். நாளெல்லாம் அடுத்தவர் காதைச் சோதிக்கிறவர், வண்டி ஏறினால் தன் காதை எங்களுக்குக் கொடுத்துவிடுவார். நாங்கள் என்றால் வீட்டில் சும்மா பாட்டு எழுதி, மெட்டுக் கட்டி, போனில் பதிந்து வைத்துக்கொள்ளும் ஆட்கள். எலக்ட்ரீஷியன், நர்ஸ், அச்சகத்தில் பிழை திருத்தும் நான் என்று பதினைந்து பேர் இருப்போம். மேடை ஏறப்போகிற ஆள் எங்களில் ஒருவர்கூடக் கிடையாது. எங்களுக்காகப் போனில் அவர் ஒரு குரூப் ஆரம்பித்து அதற்குக் 'காது' என்று பெயர் வைத்தார். "எனக்குப் பாட வராது, கேக்க வரும்" என்பார்.

அவர் கேட்கிற அழகைப் பார்த்திருக்கிறீர்கள். ஊரிகத்தில் ஏறியதும் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். வெளியே பனிக்குள், தங்கச் சுரங்கத்துக் கழிவு மண்ணான சயனைடு மேடுகள் வெள்ளை வெள்ளையாக நகரும். எதிரில் இருப்பவர்கள் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த நேரம் எங்களில் யாரோ ஒருவருடைய சமையலறையில், யாரோ ஒருவருடைய மொட்டை மாடியில் அவர் இருப்பார். என் பாட்டு அவர் காதில் ஓடுகிறது என்று தெரிந்த நாட்களில் நான் அவருடைய மூடிய இமைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். வண்டியின் தாளமும் பாட்டின் தாளமும் கலந்து, நானும் அரைத் தூக்கத்தில் அதே பாட்டைக் கேட்பதுபோல் இருக்கும்.

பிறகு வீட்டுக்குப் போய் பதில் பதிவார். அந்தப் பதிலில்தான் டம்ளர் வரும். பாட்டை ஒரு போனில் ஓடவிட்டு, இன்னொரு போனில் பதிந்துகொண்டே, எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில், ஷாஃப்ட் என்கிற குழியின் வாயில் நின்று கேஜுக்கு மணி அடித்தவர். கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டு. கேஜை இயக்குகிறவருக்கு ஆள் கண்ணில் படாது, மணிதான் பாஷை. அந்தப் பாஷையையே பிரபாவதி எங்கள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். பாட்டு ஓடும்போது ஒரு தட்டு விழுந்தால், 'நிறுத்து, இங்கே நான் தொலைந்துபோனேன்' என்று அர்த்தம். இரண்டு தட்டு 'இறக்கு', அதாவது மேலோட்டமாக இருக்கிறது, இன்னும் ஆழம் போ. மூன்று தட்டு, சுரங்கத்தில் கேஜுக்குள் ஆள் ஏறியிருக்கிறது என்பதற்கு அடிப்பது. "இந்த வரியில ஆள் இருக்காங்க" என்பார். அந்த மூன்று தட்டுக்காக நாங்கள் தவம் கிடந்தோம்.

தட்டி முடித்து ஐந்து நிமிடம் பேசுவார். அந்தப் பேச்சில் 'நல்லா இருக்கு' என்ற சொல் வராது. ஒருமுறை சிவக்குமார் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "இன்னாக்கா, ஒரு தபா நல்லா இருக்குன்னு சொன்னா இன்னா கொறஞ்சா பூடும்?"

"என்னாண்ட காது காட்ட வர்றவங்க கிட்ட சத்தம் கேக்குதா இல்லியான்னுதான் கேப்பேன். புடிச்சிருக்கான்னா கேக்கறேன்? உன் பாட்டுல எனக்கு எங்க கேட்டுது, எங்க கேக்கல, அத்த சொல்றேன். நல்லா இருக்குதான்னு உன் பொண்டாட்டிய கேளு." பெட்டியே சிரித்தது. சிவக்குமாரின் பாட்டில் எந்த இடம் கேட்கவில்லை என்று அன்றைக்கு அவர் சொன்னது சரியாக இருந்ததையும் சொல்ல வேண்டும்.

பேத்தமங்களாவிலிருந்து வரும் நர்ஸ் லட்சுமி ஏரியைப் பற்றி ஒரு பாட்டு அனுப்பினார். தமிழும் கன்னடமும் கலந்த பாட்டு. தம்பியிடம் சொல்லி வயலின், மத்தளம் எல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்திருந்தார். கேட்ட எங்களுக்குப் பிரமிப்பு. பிரபாவதி எட்டு இடத்தில் ஒரு தட்டு தட்டினார். பிறகு சொன்னார்: "லட்சுமி, ரெண்டாவது அடி முடிஞ்சதும் உங்க வூட்டு கோழி ஒண்ணு கத்துச்சு பாரு, அங்கதான் எனக்கு ஏரி தெரிஞ்சிச்சு. வயலினெல்லாம் தம்பிக்கே குடுத்துட்டு, கோழிய வெச்சிக்க." லட்சுமி இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு, கொல்லையில் உட்கார்ந்து வெறும் குரலில் பாடி அனுப்பினார். மூன்று தட்டு வாங்கினார். அதற்கு மேல், எப்படிப் பாட வேண்டும் என்று பிரபாவதி யாருக்கும் சொன்னதில்லை. "அத்த நான் சொன்னா அது என் பாட்டு ஆயிடும்" என்பார். அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தவும் மாட்டார்.

இனி என் கதை. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என் மனைவி மெர்சிக்கு ஒரு பாட்டு எழுதினேன். வாழ்த்து அட்டைகூட வாங்கித் தராதவன் நான். இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்பி இருட்டில் திரும்புகிற பிழைப்பில், அவள் முகத்தை நான் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதைத்தான் எழுதியிருந்தேன்: 'ஆறு நாள் விளக்கொளியில் தெரிந்தவளே, ஞாயிற்று வெயிலில் நீ யாரோ.' எங்கள் லைன் வீட்டில் சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. மெர்சி சர்ச் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மதியம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று போர்வைக்குள் புகுந்துகொண்டு பாடிப் பதிந்தேன். ஐம்பத்தாறு வயதில் வியர்த்துக்கொட்டப் போர்வைக்குள் காதல் பாட்டு. மெர்சி அப்போது உள்ளே வந்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

குரூப்பில் போட வெட்கமாக இருந்ததால் பிரபாவதிக்கு மட்டும் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. என் பாட்டு முழுதாக நாலு நிமிடம் ஓடியது. ஒரு தட்டுகூட இல்லை. பாட்டு முடிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் டம்ளரில் ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான், பேச்சே கிடையாது.

என் அப்பா சுரங்கத்துக்கு மேலே தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தவர், சுரங்கத்துக்குள் இறங்காதவர். எங்கள் வீட்டில் ஒரு தட்டு என்றால் ஒரே அர்த்தம்தான். பிள்ளைகள் கூச்சல் போட்டால் அப்பா மேசையில் ஒரு தட்டு தட்டுவார், நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, பேசக்கூட மனசில்லாமல், 'நிறுத்து' என்று சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பாட்டையும் அவர் பதிலையும் அப்போதே போனிலிருந்து அழித்தேன், எழுதிய காகிதத்தைக் கிழித்தேன், குரூப்பை விட்டு வெளியேறினேன். மறுநாளிலிருந்து வேறு பெட்டி.

மூன்று வாரம் கழித்து ஊரிகம் பிளாட்பாரத்தில் நேருக்கு நேர் அகப்பட்டுக்கொண்டேன். குளிருக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு பனியிலிருந்து வந்தார்.

"இன்னா சாமுண்ணா, ஆளையே காணோம். பாட்ட தூக்கிட்டீங்களா?"

அழித்துவிட்டாயா என்று அவர் விசாரிப்பதாகத்தான் எனக்குப் பட்டது. செத்த பாம்பை அடிப்பது என்பார்களே, அது இதுதான் என்று நினைத்தேன்.

"தூக்கிட்டேன்" என்றேன், வெடுக்கென்று.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா! எப்ப தோணுதோ அப்ப அனுப்புங்க, அவசரமேயில்ல" என்றார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கல்யாண நாள் வந்தது. கேக் வெட்டினோம், பிரியாணி சாப்பிட்டோம். தனக்கென்று ஒரு பாட்டு இருந்தது என்பதே மெர்சிக்குத் தெரியாது.

சாவுச் செய்தி கேட்ட அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திரும்பி வந்து, நேராக அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை. அவருடைய தம்பி முனிரத்தினம் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அலமாரியில் அந்த டம்ளரும் கரண்டியும் இருந்தன. விளிம்புக்குக் கீழே தட்டித் தட்டி ஒரு சின்னப் பள்ளம். அதைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"எனக்கு கடைசியா ஒரு தட்டுதான் தட்னாங்க. நிறுத்துன்னு. நானும் நிறுத்திட்டேன்."

முனிரத்தினம் நிமிர்ந்தார். "பாட்டு ஓடறப்ப தட்னாங்களா, முடிஞ்ச பொறவா?"

"முடிஞ்ச பொறவு."

அக்காவைப் பறிகொடுத்த மனிதர் அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தார். "அய்யோ சாமுண்ணா. ஓடற கேஜுக்கு ஒண்ணு அடிச்சா நில்லு. நின்னுகினு இருக்கற கேஜுக்கு ஒண்ணு அடிச்சா தூக்கு. அப்பா எங்களுக்கு சோறு ஊட்டறப்பவே சொல்லிக் குடுத்தது. மேல தூக்குன்னு சொல்லிக்கீறாங்க உங்களுக்கு."

அவர் மேலும் சொன்னார். அந்த வாரம் பிரபாவதிக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. எல்லோருக்கும் வெறும் தட்டுதான் அனுப்பினாராம். குரூப்பில் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். "சாமுண்ணா பாட்டு இன்னும் வரலியான்னு நான் கேப்பேன். தூக்கிட்டேன்னு சொன்னாரு, வரும், தொல்ல பண்ணாதன்னு சொல்லும் அக்கா."

அக்காவின் போனை எடுத்து அந்தப் பதிவை ஓடவிட்டார். நான் அழித்த பாட்டு அங்கே பத்திரமாக இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அடுத்தவன் பாட்டைக் கேட்பதுபோல் கேட்டேன். ஒரு வரியும் தவறில்லை. ஆனால் பாடியவன் திருட்டுத்தனம் செய்பவனைப்போல முனகிக்கொண்டிருந்தான். போர்வை, சுருதி எட்டாத தாழ்ந்த குரல், ஒவ்வொரு அடியின் முடிவிலும் பயந்து விழுங்கிய சொல். அவர் சொன்னது எவ்வளவு எளிய விஷயம்! குரலைத் தூக்கிப் பாடு என்றார். நாலு நிமிடத்தில் ஓரிடத்திலும் அவர் தொலைந்துபோகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் மெர்சி வாசலில் வெயிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்று, பழைய சுருதியிலிருந்து இரண்டு ஸ்வரம் தூக்கி, முழுக் குரலில் பாடினேன். இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்தது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். மெர்சியின் மடியில் பாதி மடித்த சட்டை அப்படியே கிடந்தது.

"இன்னாங்க இது, பக்கத்து வூட்ல கேக்கப் போவுது" என்றாள்.

"கேக்கட்டும்."

மடியில் கிடந்த சட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். "இத்தன நாளா இத்த எங்க வெச்சினு இருந்தீங்க?"

பிரபாவதியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது முனிரத்தினம் அனுப்பிய அந்தப் பதிவு. காலை வண்டியில், நம் பழைய பெட்டியில், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். நாலு நிமிடம் என் முனகல். அப்புறம் அந்த இடைவெளி. என்னைப் புறக்கணித்த மௌனம் என்று நான் நினைத்திருந்த இடைவெளி அது. பாட்டு முழுதாக நிற்கட்டும் என்று அவர் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார், எனக்குத் தப்பர்த்தம் வந்துவிடக்கூடாதே என்று. தட்டுவதற்கு முன் அவர் மூச்சு விடுவதும் கேட்கிறது.

தூக்கிட்டேன், பிரபாம்மா. இந்தத் தடவை நிஜமா.