இரண்டு செபம், அரை நிமிஷம்

யார் கையைப் பிடித்தாலும் சவுரியம்மாளின் உதடுகள் அசையும். நோயாளியைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுக்கும்போதும், மாதாகோவில் வாசலில் தெரிந்தவர்கள் கையைப் பற்றும்போதும் அப்படித்தான். திண்டிவனம் ஆஸ்பத்திரி வார்டில் பதினைந்து வருஷமாக எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். காரணம் ஒருவருக்கும் தெரியாது.

புருஷன் காலராவில் செத்த வருஷம் அவள் அங்கே ஆயா வேலைக்கு வந்தாள். இருந்தது ஒரே நர்ஸ். அதனால் டாக்டரம்மா அவளுக்குப் புண் கட்டவும் ஜுரம் பார்க்கவும் காட்டிக்கொடுத்தார். நாடி எண்ணத்தான் கடிகாரம் வேண்டும். அது அவளிடம் இல்லை. முள்ளைப் பார்த்து விநாடி சொல்லவும் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். டாக்டரம்மா கடிகாரத்தை வைத்து எண்ணும்போது பக்கத்தில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை செபம், நிதானமாகச் சொன்னால் இரண்டு தடவைக்கு அரை நிமிஷம். அதற்குள் வந்த துடிப்பை இரட்டித்தால் கணக்கு சரி.

"கடியாரம் இல்லாமலே கரெக்டா சொல்றியே, எப்பிடி?" என்றார் டாக்டரம்மா.

சிரித்துவிட்டு நகர்ந்தாள். செபத்தை இதற்கா சொல்வது என்று யாராவது கேட்டுவிட்டால்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் உத்தரவு வந்தது. விழுப்புரத்தில் பரீட்சை, தேறினால்தான் நர்ஸ்.

"இந்தத் தடவ மட்டும்தான் படிப்பு கேக்க மாட்டாங்க. அப்பறம் எட்டாவது பாஸ் பண்ணவங்களைத்தான் எடுப்பாங்க. போய்ட்டு வா" என்றார் டாக்டரம்மா.

கட்டுப் போட்டுக் காட்டினாள். படுக்கை விரித்தாள். பரீட்சை டாக்டர் தலையாட்டினார். கடைசியாக, கண்டமங்கலத்துக் குடியானவர் தாண்டவராயன் கட்டிலிலிருந்து கையை நீட்டினார். அவள் நாடியைப் பிடித்து முதல் செபத்தைத் தொடங்கினாள்.

"இன்னாம்மா முணுமுணுத்துக்கினு இருக்கிற? சாவறவனுக்கு ஜபம் பண்றியா? நான் இன்னும் மல்லாட்டைச் செடி புடுங்கணும்மா!"

அறை சிரித்தது. அவளுக்கு முகம் எரிந்தது. செபம் நாக்கில் ஓட்டமாக ஓடியது.

"அறுவத்தி நாலுங்க."

டாக்டர் தானே எண்ணினார். எண்பத்தெட்டு.

"கடியாரம் எதிர்லயே இருக்குதே. ஏம்மா பாக்கல?"

தாண்டவராயன் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்துவிட்டு நகர்ந்தாள்.

சாயங்கால ரயிலில் திண்டிவனத்தில் இறங்கியவள் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் போய்ச் சொல்ல ஆள் இல்லை. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு, இரண்டு செபத்தையும் ஆற அமரச் சொன்னாள். முப்பத்தொன்பது வந்தது. எழுபத்தெட்டு.

டாக்டரம்மா மாற்றலாகிப் போய் நாலு வருஷமாகிறது. இப்போது வார்டில் பரீட்சை தேறிய நர்ஸுகள் மூன்று பேர். நாடியை அவர்கள் கடிகாரம் பார்த்து எண்ணுகிறார்கள். சவுரியம்மாள் கஞ்சி கொடுக்கிறாள், படுக்கை மாற்றுகிறாள், பின்கட்டு அறையில் தனியாக இருக்கிறாள். ரிஜிஸ்டரில் அவள் பெயர் ஆயா என்றே இருக்கிறது.