பள்ளத்தில் அடித்த ஆணி

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் தவசிமுத்துவின் கூரைச் சாமான் கடை இருந்தது. அங்கே போய் ஓடு கேட்டாலும் சரி, தகரம் கேட்டாலும் சரி, அவர் முதலில் விலை சொல்ல மாட்டார். "உங்க கட்டடத்துக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?" என்பார். கடை வாசலில் துருவேறிய தகரம் ஒன்று தொங்கும். அதைக் கழற்றி, வெயிலுக்கு எதிரே பிடித்து, ஓட்டைகளின் வழியே வெளிச்சம் விழுவதைக் காட்டுவார். புதிதாக வந்தவர்கள், விற்கிற சரக்கை இப்படித் தானே பழிக்கும் வியாபாரியும் உண்டா என்று யோசித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவரை உத்தமர் என்று சொல்லிவிட முடியாது. முன்கோபம் உண்டு, வறட்டுப் பிடிவாதமும் உண்டு. தன் ஊரில் சரியாக இருந்தது உலகத்துக்கே சரி என்ற எண்ணம் நெடுங்காலம் அவரிடம் இருந்தது. அது போனது 1949 ஐப்பசியில், ஒரு காலை நேரத்தில்.

அவருடைய ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மண் தேரிக் காட்டு ஓரம். மழை வருஷத்துக்கு நாலு நாள் பெய்தால் அதிசயம். காற்றுதான் அங்கே எமன். ஆடி மாதம் அடிக்கிற காற்றில் கூரைத் தகரம் கிளம்பிப் பனைமரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கத்தில் நெளி தகரம் வேய்கிறவர்கள், தகரத்தின் மேட்டில் ஆணி அடிப்பதில்லை. மரத்தோடு படிந்து கிடக்கிற பள்ளத்தில்தான் அடிப்பார்கள். பிடி இறுகும், தகரம் தடதடக்காது. அவருடைய அப்பா போட்ட கூரை முப்பது வருஷம் அப்படியே நின்றது.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துத் தகரம் மலிவாக ஏலத்துக்கு வந்தது. தவசிமுத்து ராயபுரத்துக்கு வந்து, இரண்டு லாரிச் சரக்கை எடுத்துக் கடையைத் தொடங்கினார். முதலில் வாங்கியவர்களில் ஒருத்தி அங்கம்மா. திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் கருவாடு போட்டு விற்கிறவள்; புருஷன் இல்லை. வருஷா வருஷம் கீற்று மாற்றி அலுத்துப்போய், குப்பத்திலேயே முதல் தகர வீடு கட்டினாள். வேலை செய்த தச்சர் ஜெயவேல், ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். அங்கம்மா கருவாடு விற்கப் போயிருந்த நேரத்தில் தவசிமுத்து நேரிலேயே போய் நின்று, பள்ளத்தில் அடித்தால்தான் ஆயிற்று என்று அடிக்கவைத்தார்.

மூன்று மழை போயிற்று. மீதிச் சரக்கு விற்காமல் கிடந்தது. அந்த ஐப்பசியில் சங்கரநாராயணன் என்ற பருப்பு வியாபாரி, புதிதாகக் கட்டுகிற கிட்டங்கிக்கு அத்தனை தகரத்தையும் எடுத்துக்கொள்வதாக வந்து உட்கார்ந்தார். அவருக்கும் சாத்தான்குளம் பக்கம்தான். வந்த மூட்டையெல்லாம் அடுக்கிவைக்கிற கட்டடம், பெரிய கூரை. அந்த வியாபாரம் முடியாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அது தவசிமுத்துவுக்குத் தெரியும், அவர் மனைவி ஞானபாக்கியத்துக்கும் தெரியும். காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவள் அவர் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

பேச்சு முடிகிற நேரத்தில், தலையில் சும்மாடு வைத்து ஒரு தகரத்தைச் சுமந்துகொண்டு அங்கம்மா வந்தாள். வாசலில் தொப்பென்று போட்டாள்.

"இன்னா மொதலாளி, உங்க ஊர்ல கடலு கீதா இல்லியா?"

"இருக்கு. எட்டு மைல் தள்ளி."

"அப்ப இந்தத் தகரத்தயும் எட்டு மைல் தள்ளிக் கொண்டுபோய் வித்துருக்கணும்."

சங்கரநாராயணன் வாய்விட்டுச் சிரித்தார். அவள் உட்கார்ந்து வெற்றிலையைப் பிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். போன வருஷம் ஒரு பானை வைத்தால் போதுமாம். இந்த வருஷம் முதல் மழைக்கே வீட்டில் இருக்கிற பானை சட்டி எல்லாம் பரப்ப வேண்டியதாயிற்று. கருவாடு அத்தனையும் ஊறிப் புழுத்துப்போயிற்று. கீற்றுக் குடிசைக்காரர்களெல்லாம் காலை நீட்டித் தூங்க, தகர வீட்டுக்காரி மூலையில் குந்தியிருந்தாளாம். குப்பத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. "உப்புக் காத்து, நைனா. அத்துக்கு நீ இன்னா பண்ணுவே? வேற எதுனா குடு," என்றாள்.

சங்கரநாராயணனும் அதையே பிடித்துக்கொண்டார். தன் கிட்டங்கி இவள் வீடு மாதிரி அலை ஓரத்தில் இல்லை, அரை மைல் உள்ளே இருக்கிறது, உப்பு அவ்வளவு தூரம் வராது என்றார். கடல்மேல் பழி விழுந்துவிட்டது. வியாபாரத்துக்குக் கேடு ஒன்றும் இல்லை. தவசிமுத்து "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் தகரத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தார். மேடுகளில் சில இடங்களில் இன்னும் வெள்ளி மினுக்கு இருந்தது. ஓட்டைகள் எல்லாம் பள்ளத்தில், வரிசை பிசகாமல், ஒவ்வொரு ஆணி இருந்த இடத்தைச் சுற்றியும் இருந்தன. மழைத் தண்ணீர் ஓடுகிற வழியில் ஆணி. நின்ற தண்ணீரில் உப்பு. காற்று மட்டும் இருந்த ஊரில் சரியாக இருந்த ஒன்றை, மழையும் உப்பும் இருக்கிற ஊரில் பிடிவாதமாக அடிக்கவைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்தது. அங்கே வேறு யாருக்கும் அது தெரியாது. பொய் சொல்லாமலே ஒரு மனிதன் பொய்யனாகிவிட முடியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவர் தகரத்தைக் கீழே வைத்தார்.

"கடல் மேல பழி போடாதீங்க அண்ணாச்சி," என்றார். "இது நான் அடிக்கச் சொன்ன ஆணி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஜெயவேல் தடுத்ததையும் சேர்த்துச் சொன்னார். ஆணியை மேட்டில் அடித்திருந்தால் இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும். ஆனாலும் இந்தக் காற்றுக்குத் தகரம் லாயக்கில்லை, அரை மைல் உள்ளே இருந்தாலும் பருப்பு மூட்டைக்கு மேல் இதைப் போடக் கூடாது என்றார்.

சங்கரநாராயணனின் முகம் இறுகியது. "அப்ப எனக்கு எதைத்தான் போடச் சொல்லுதீரு?"

கான்கிரீட் போடலாம், சிமெண்டுக்குப் பர்மிட் வாங்குவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் துருப்பிடிக்காது, ஆனால் மேலே ஏறினால் காலடியில் விரிசல் விடும். மங்களூர் ஓடுகளை உப்பு ஒன்றும் செய்யாது. இதையெல்லாம் தவசிமுத்து நிதானமாகச் சொன்னார். புயலில் ஓடு பறந்துவிடாதா என்று பருப்பு வியாபாரி கேட்டார். ஆணி என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆணி இன்னாத்துக்கு? கட்டு," என்றாள் அங்கம்மா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கட்டுமரத்துல எங்கனா ஒரு ஆணி கீதா? கவுறு போட்டுத்தான் கட்டிக்கினு போறாங்க. அலை தூக்கிப் போட்டாலும் முழுசா வருது. ஆணி அடிச்சா முறைச்சிக்கினு நிக்கும், ஒடையும். கட்டுனா ஒத்துப்போவும்."

சங்கரநாராயணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "யோசிச்சுச் சொல்லுதேன் வே," என்றார். சாத்தான்குளத்து வியாபாரிகள் பாஷையில் அதற்கு, வேண்டாம் என்று பொருள்.

மறுவாரம் தவசிமுத்து, கடையிலிருந்த மங்களூர் ஓடுகளை மாட்டுவண்டியில் ஏற்றித் திருவொற்றியூருக்குக் கொண்டுபோனார். கடை மூடுவதாயிருந்தாலும் இதைச் செய்துவிட்டு மூடலாம் என்று நினைத்தார். இலவசம் என்றதும் அங்கம்மா வண்டியைத் திருப்பச் சொன்னாள். கூரையிலிருந்து இறங்குகிற பழைய தகரம் எல்லாம் அவருக்கு, ஓடு அவளுக்கு என்று பேசி முடித்த பிறகுதான் இறக்கவிட்டாள். ஜெயவேல் வந்தார். ஓட்டுக்குத் தகரத்தைவிடச் சரிவு கூடுதலாக வேண்டும் என்று முகட்டை உயர்த்தினார். ஓட்டின் அடிப்பக்கத்தில் சிறு காது ஒன்று உண்டு. அதில் ஒரு துளை. அதன் வழியாகச் செம்புக் கம்பியைக் கோத்து, ஒவ்வொரு ஓடாக, கீழே ஓடும் ரீப்பர் சட்டத்தோடு கட்டினார்கள். தவசிமுத்துவும் மேலே ஏறிக் கட்டினார்.

"மேட்டுல கட்டட்டா மொதலாளி, பள்ளத்துலயா?" என்றார் ஜெயவேல்.

தவசிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. வராதது அவருக்கே வியப்பாக இருந்தது.

கார்த்திகையில் புயல் அடித்தது. இரண்டாம் நாள் அவருக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. குடை மடங்கிப்போக, நனைந்துகொண்டே வடக்கே நடந்தார். குப்பத்தில் கீற்றெல்லாம் பிய்ந்து கிடந்தது. அங்கம்மாவின் வீட்டுக்குள் பத்துப் பதினைந்து பேர் ஒண்டியிருந்தார்கள். கவிழ்த்த மீன்கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் சங்கரநாராயணன். ஓடு கட்டியதைக் கேள்விப்பட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகிறதாம். வியாபாரி, சொல்லை நம்பவில்லை, மழையில் வந்து பார்த்துவிட்டார்.

"ஒரு ஓடு அசையல," என்றார் அவர். "நாளைக்கு ஆளைக் கூட்டிட்டு வாரும். கம்பியக் கொண்டாரும், ஓட்டுக்கு ஆணி கொண்டு வராதீரும்."

கிட்டங்கி எழும்பியது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கிட்டங்கிக்காரர்கள் வந்தார்கள், கடை நின்றது. மீதித் தகரத்தை, கடல் வாடை எட்டாத செங்குன்றத்து அரிசி ஆலைகளுக்கு, மேட்டில் ஆணி அடிக்கச் சொல்லி விற்றுத் தீர்த்தார். அங்கம்மா சுமந்து வந்த தகரம் மட்டும் வாசலில் ஏறியது. ஒருமுறை அவள் அதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு மானத்தை இப்படித் தொங்கவிட்டிருப்பதற்கு வாடகை கேட்டாள்.

நன்றி என்ற சொல்லை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவர்கள் பக்கத்தில் அப்படி வாயால் சொல்கிற வழக்கமும் இல்லை. ஆனால் வீட்டில் மாலை ஜெபத்தில், பிள்ளைகள் பெயருக்குப் பிறகு அங்கம்மாவின் பெயர் வரும். முதல் தடவை ஞானபாக்கியம் கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு, அவர் மறந்த நாளில் அவளே சொன்னாள்.

ஒவ்வோர் ஐப்பசியிலும் முதல் மழைக்கு அவர் குப்பத்துக்குப் போவார். அங்கம்மா, முன்பு ஒழுகிய அதே இடத்தில், அதே பானையை எடுத்து வைத்திருப்பாள். அவர் குனிந்து உள்ளே பார்ப்பார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். பானைக்குள் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருக்கும். பிரித்தால் நெத்திலிக் கருவாடு. மொறுமொறுவென்று, ஈரமே படாமல்.

"தொட்டுப் பாரு நைனா," என்பாள். அவர் தொட்டுப் பார்ப்பார். பொட்டலத்தை மடித்துக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.