குட்டி மட்டும் ஏன் ஆரஞ்சு?

போன வருடம் பல்கலைக்கழக விடுமுறையில், மலேசியாவின் கோல சிலாங்கூர் மலாவத்திக் குன்றில் நடந்தது இது. அங்கே வரும் சுற்றுப்பயணிகள் லோத்தோங் குரங்குகளுக்குக் கொடுக்க வாங்கும் பயித்தங்காயும் கச்சாங் என்கிற நிலக்கடலையும்தான் அம்மாவின் வியாபாரம்.

எனக்கு அப்போது ஜப்பானிய மொழிப் பாடம் பெரிய தலைவலி. ஒருமுறை தோற்றாயிற்று. மறுபடியும் தோற்றால் பட்டம் தள்ளிப்போகும். விரிவுரையாளரோ, எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், கடைசியில் என்னோடு பேசிக் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார். நானும் விமான நிலைய உரையாடல் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். விமானத்தில் ஏறியதே இல்லை என்பது வேறு விஷயம்!

ஒரு ஞாயிறு காலை ஜப்பானியப் பெண்மணி ஒருவர் கடைக்கு வந்தார். அம்மா என் முழங்கையை இடித்தார். "பேசு பிள்ள, ஆள் வந்துட்டாங்க லா!"

பெயர், ஊர், பொழுதுபோக்கு எல்லாம் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே மரத்தடியைக் காட்டினார். கன்னங்கரேல் என்ற தாய், அதன் மார்பில் பளிச்சென்று ஆரஞ்சு நிறக் குட்டி. குட்டி மட்டும் ஏன் இந்த நிறம் என்று கேட்கிறார். கேள்வி புரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து எங்கள் பக்கம் சொல்லிக் கேட்ட பதிலும் தெரியும். ஜப்பானிய மொழியில்தான் ஒரு சொல்கூட இல்லை.

விட மனமில்லை. தண்ணீர்ப் போத்தலைக் குட்டியாக்கி மார்பில் அணைத்தேன். அம்மாவிடம் கொடுத்தேன், அம்மாவிடமிருந்து அந்தப் பெண்மணியிடம். பெண் குரங்குகள் மாற்றி மாற்றித் தூக்கும், நிறத்தை வைத்துக் குட்டி எங்கே என்று எல்லோரும் கண் வைத்துக்கொள்ளும் என்று காட்டினேன். நான் செய்துகாட்டக் காட்ட, அவர் அதற்கான சொல்லைச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன்.

"ஏன் பிள்ள, யூனிவர்சிட்டில கூத்துதான் சொல்லித் தர்றாங்களா?" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றே விமான நிலைய உரையாடலை மூட்டை கட்டினேன். கடையில் மனிதர்கள் என்ன கேட்கிறார்களோ, அதற்குப் பதில் சொல்லத் தேவையான சொற்களை மட்டும் தேடிப் படித்தேன்.

தேர்வில் குரங்குகளைப் பற்றியே பேசினேன். விரிவுரையாளர் நடுவில் நிறுத்தி, "அப்பா குரங்கு தூக்காதா?" என்றார். எனக்குத் தெரியாது. தெரியாது, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று ஜப்பானிய மொழியிலேயே சொன்னேன். வாய்விட்டுச் சிரித்துத் தேர்ச்சி போட்டார்.

இப்போதும் ஊருக்குப் போனால் அந்த அப்பா குரங்கைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்துகொள்ள ஆசை இருக்கும்வரை சொற்கள் எப்படியும் தேடி வந்துவிடும் என்ற தைரியம் எனக்கு அந்தக் குன்றில்தான் கிடைத்தது.