தலைமையாசிரியருக்குப் பயம் விட்டுப்போனது

பிஜியில் நாசவா ஊர்க்காரர்கள் கடலுக்குள் போனால் எதையாவது தூக்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். உனாய்சி மட்டும் வெறுங்கையோடு வருவாள். என்னடி கொண்டுவந்தாய் என்றால், பார்த்துவிட்டு வந்தேன் என்பாள். வெள்ளைக்காரர்கள் அப்படிப் பார்ப்பதற்குக் காசு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், அது பைத்தியமில்லை, தொழில் என்று ஊர் ஒப்புக்கொண்டது. விடுதிக்கு வருகிறவர்களுக்கு நீச்சல் கண்ணாடி மாட்டி, பவளப்பாறைக்கு மேலே மிதக்க விடுவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாதிரியாருக்குப் பயந்து கரையில் இருப்பாள். மீன்களும் ஒருநாள் நிம்மதியாக இருக்கட்டுமே.

அவள் உயிரை வைத்திருந்தது ஒரு களவாமீன் மேல். கதவில் பாதி நீளம், உடம்பெல்லாம் புள்ளி, மேசைபோல் விரிந்த பவளத்தடியில் குடித்தனம். கீழுதடு துருத்தி, உலகத்தில் ஒருவருமே வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதுபோல் ஒரு முகம். தலைமையாசிரியர் என்று பெயர் வைத்தாள். நாசவா பள்ளியின் தலைமையாசிரியர் கோபித்துக்கொண்டார். கோபித்தபோது இன்னும் அதைப்போலவே இருந்தார்.

நான்கு வருடம் அது வாலை மட்டுமே காட்டியது. இரை போட்டு மயக்குவது உனாய்சிக்குப் பிடிக்காது. கைகால் அசைக்காமல் மிதப்பாள், அவ்வளவுதான். ஐந்தாம் வருடம் அது வெளியே வந்தது. அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, மேலும் கீழும் பார்த்தது. அன்று அவள் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்தது. கடல்நீர் அல்ல.

அப்புறம் ஊர்த்தலைவர் செத்துப்போனார். வழக்கப்படி பாறையை அடைத்தார்கள்: கம்பு நட்டு ஓலை கட்டினால் நூறு இரவு அங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது; பார்ப்பதற்குத் தடையில்லை. ஊர் அழுதது. உனாய்சியும் அழுதாள், நிம்மதியில். நூறு இரவு தலைமையாசிரியரை யாரும் தொட முடியாது.

ஆசை அங்கே நின்றிருக்கலாம். ஊர்க்கூட்டத்தில் வாசலோரம் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவு பெரிய மனிதருக்கு நூறு இரவு போதுமா, ஒரு வருடமாவது வேண்டாமா என்று கேட்டுவிட்டாள். உயிரோடிருந்தவரை அவள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத மனிதருக்கு இத்தனை பக்தியா என்று ஊரே உருகிப்போனது. ஒரு வருடம் என்று தீர்மானமாயிற்று. கவா என்ற வேர்ச்சாற்றைக் குடித்து முடித்ததும் ஒரு பெரியவர் மிச்சத்தைச் சொன்னார். ஒரு வருடத் துக்கத்தை முடிக்க அதற்கேற்ற விருந்து வேண்டும். பாறையிலேயே பெரிய மீன் புதுத் தலைவர் முன்னால் வரவேண்டும். இதை அவள் யோசிக்கவில்லை.

அந்த வருடத்தில் தலைமையாசிரியருக்குப் பயம் அறவே விட்டுப்போனது. கண்ணாடி மாட்டியவர் யாராக இருந்தாலும் முன்னால் வந்து நின்றது.

வருடம் முடிந்து விருந்து நாள் வந்தது. தலைவருக்கான மீனைப் பிடிக்காதீர்கள் என்று கூட்டத்தில் கேட்க முடியாது. மீனைக் குத்தப் போகிற ஈட்டிக்காரனிடம்தான் கேட்கலாம். ஈட்டிக்காரன் தெவிதா, அவள் மாமன் மகன். முறைப்பையனும் முறைப்பெண்ணும் கண்டால் கிண்டல் பேசியே ஆகவேண்டும் என்பது அந்த ஊர் முறை. முப்பது வருடமாக இருவரும் அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

"மச்சான், மேசைப் பாறைப் பக்கம் போகாத. அந்தக் களவாவ விட்டுடு."

"ஏன் மச்சினி, அதுக்கும் உனக்கும் பரிசம் போட்டாச்சா?"

"வெளையாடல. நெஜமாத்தான் கேக்குறேன்."

"போன வாரம் என்னைக் கொரங்குன்னியே, அதையும் நெஜமாத்தான் சொன்ன."

பழக்கதோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்துக்கொண்டே படகைத் தள்ளினான்.

மத்தியானம் மீன் வந்தது. இருவர் சுமந்தார்கள். தெவிதா அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கிண்டலுக்கு வாய் வரவில்லை.

"அது ஓடவே இல்ல மச்சினி. கிட்ட வந்து என் மொகத்தப் பாத்துச்சு. என்னை நீன்னு நெனச்சிருக்கும்போல."

அவள் மீன்மேல் வந்து உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றான். சொன்னதை அவள் நினைவூட்டவில்லை.

புதுத் தலைவருக்கு மரியாதை தெரியும். தன் தந்தைக்காக ஒரு வருடம் கேட்ட பெண்ணுக்கு மீன்தலையையே கொடுத்தனுப்பினார், தேங்காய்ப்பாலில் வேகவைத்து, மரவள்ளிக்கிழங்கோடு. தலைவருக்கு உரிய பங்கு. அதை மறுக்க வழியில்லை. கீழுதடு இன்னும் துருத்தியபடிதான் இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, உனாய்சி கன்னத்துச் சதையை எடுத்துத் தின்றாள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரி ஒருத்தியைப் பாறைக்குக் கூட்டிப்போனாள். வேறொரு பவளத்தின் இடுக்கிலிருந்து முழங்கை நீளமுள்ள இளங்களவா ஒன்று மெல்ல வெளியே வந்து இருவரையும் பார்த்தது. உனாய்சி உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கி அறைந்தாள். மீன் இடுக்குக்குள் பாய்ந்தது.

வந்தவள் தலையை வெளியே எடுத்து, மீனைப் பார்க்கத்தானே வந்தோம், விரட்டுகிறீர்களே என்று குறைப்பட்டுக்கொண்டாள். உனாய்சி மன்னிப்புக் கேட்டாள். மீன் மறுபடி எட்டிப் பார்த்தது. மறுபடி அறைந்தாள்.